பிரிக்காத மைக்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ஏமாறுவது ஃப்ரிட்ஜிடம்தான். வெயிலில் அலைந்து வந்தவர் உரிமையோடு போய் அதன் கதவில் கை வைப்பார். "ஐயையோ, தொடாதீங்க!" என்று அண்ணி போடுகிற சத்தத்தில் அவருக்குத் தாகமே போய்விடும். அந்த ஃப்ரிட்ஜ் குளிராது. அது செத்து எத்தனையோ காலம் ஆகிறது. உள்ளே தண்ணீரும் கிடையாது, காய்கறியும் கிடையாது. அண்ணியின் மைக்குகள்தான் இருக்கின்றன.

என் அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இனி தேறாது என்று யாரோ கைகழுவிவிட்ட ஒன்றைக் கல்யாணமான புதிதில் தூக்கிக்கொண்டு வந்தான். மோட்டாரைக் கழற்றினான், கதவு ரப்பரைப் புதிதாக மாற்றினான், உள்ளே ஒரு குட்டி பல்பை மாட்டினான். வெளி ஈரம் உள்ளே போகாது, பல்பின் சூட்டில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மைக்குக்கு ஈரம்தான் எமன். அதற்குள்ளே காகிதத்தைவிட மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கிறதாம். அதில் ஈரம் ஏறினால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் வரும், கொஞ்ச நாளில் ஊமையாகவே போய்விடும். அண்ணி சொல்லிச் சொல்லி எனக்கு இதெல்லாம் மனப்பாடம். மற்ற பெண்கள் புருஷன் வாங்கித் தந்த நகையைக் காட்டுவார்கள். எங்கள் அண்ணி செத்த ஃப்ரிட்ஜைக் காட்டிப் பூரித்துப்போவாள்.

நான் அவளுடைய நாத்தனார். மாடியில் இருக்கிறேன், தையல் வேலை, பெரும்பாலும் பள்ளிக்கூடச் சீருடை. இரண்டு பேருக்கும் ஒரே வீடு என்பதுதான் வினை. என் பிழைப்பு சத்தம் போடுவது, அவள் பிழைப்பு சத்தமே இல்லாத இடத்தில் பேசுவது. அவளுடைய ரெக்கார்டிங் அறை என் மிஷினுக்கு நேர் கீழே. நான் மிஷினை ஓட்ட ஆரம்பித்த மறு நிமிஷம் துடைப்பக் கட்டையால் சீலிங்கில் இடிப்பாள். "ஏ கடகடா, நிறுத்துடி!" எனக்கு அவள் வைத்த பெயரே கடகடா. என் சொந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

அவளை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் அவள் குரலுக்குத் தப்பி ஒரு நாளை ஓட்ட முடியாது. துணி மார்க்கெட் லிஃப்டில் "கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்" என்பது அவள். கரண்ட் போனால் மின்சார ஆபீசில் "புகாருக்கு இரண்டை அழுத்தவும்" என்பது அவள். பெரிய ஆஸ்பத்திரியில் "டோக்கன் எண் இன்னது, அறை எண் இன்னது" என்று நோயாளிகளைக் கூப்பிடுவதும் அவள்தான். அந்த வேலைக்காக ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பேசிப் பதிந்தாள். அது முடிகிறவரை நான் மிஷினைத் தொடாமல் கையால் பித்தான் தைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு தடவை அவளோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, இனி இந்த மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாது என்று கிளம்பிப் போய் மார்க்கெட் லிஃப்டில் ஏறினேன். "விலகி நில்லுங்கள்" என்றாள். இங்கேயும் வந்து அதட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சண்டை அதோடு சரி.

இந்தக் குரல் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. அவளுடைய அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். நல்ல வயசிலேயே அவருக்குக் காது மங்க ஆரம்பித்தது. பட்டறைச் சத்தம் என்றார்கள் சிலர். அவருடைய அக்காவுக்கும் அப்படியே போனதால் குடும்பத்து ரத்தம் என்றார்கள் சிலர். வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்துவார்கள். கத்தக் கத்த அவருக்குக் குழப்பம்தான் கூடும். சின்னப் பெண்ணாக இருந்த அண்ணிதான் கண்டுகொண்டாள், கத்த வேண்டியதில்லை, எழுத்தை விழுங்காமல் நிதானமாகச் சொன்னால் அவருக்குப் பிடிபடுகிறது என்று. அந்தப் பேச்சுதான் பின்னாளில் அவளுக்குச் சோறு போட்டது. ஆனால் கடைசியில் அவள் பேச்சும் அவருக்கு எட்டாமல் போயிற்று. வீட்டில் நாலு பேர் சிரித்தால், எதற்கென்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரிப்பாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி அண்ணி ஒரே தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு முதலில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அறிவிப்பு சொல்லும் வேலை. காணாமல்போன குழந்தை, வழியை மறித்து நிற்கிற வண்டி, இப்படி. அந்தக் கடை மைக்கைப் பார்க்கச் சகிக்காதாம். ஆளாளுக்கு வாயை ஒட்டிப் பேசி எச்சில் காய்ந்து கிடக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க மேனேஜர் அதன் தலையில் படார் படாரென்று தட்டுவார். "ஒரு மனுஷன் முழிச்சிருக்கானான்னு பாக்க செவுள்லயா அறைவாங்க?" என்பாள் அண்ணி. அவள்தான் அதைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றி டிராயரில் வைத்துவிட்டு வருவாள். கடையில் எல்லோரும் கேலி செய்தார்கள். துணி எடுக்க வந்த லிஃப்ட் கம்பெனிக்காரர் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு, யார் பேசுகிறார்கள் என்று தேடிக்கொண்டு வந்தார். அதிலிருந்து வீட்டிலேயே வேலை.

வீட்டில் வாங்கிய முதல் மைக்கை அவளே கொன்றாள். தூசி படக் கூடாது என்று பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தாள். மழைக்காலம். பைக்குள்ளே வியர்த்துக்கொட்டி, ஒரு வாரத்தில் மைக் பொரிய ஆரம்பித்து ஓய்ந்தது. "காப்பாத்துறேன்னு மூச்சுமுட்ட வச்சுக் கொன்னுட்டேனே" என்று புலம்பியவள், அதற்குப் பிறகுதான் இவ்வளவு ஒழுங்குக்காரி ஆனாள். வேலை முடிந்ததும் மைக்கின் பஞ்சுத் தொப்பியைக் கழற்றித் தனியாக நிழலில் காயப் போடுவாள், அதில்தான் எச்சில் ஈரம் தங்கும். மைக்கை மெல்லிய துணியால் துடைப்பாள். வாயால் ஊதவே மாட்டாள். பிறகு நான் தைத்துக் கொடுத்த பையில் போட்டுத் தலை மேலே இருக்கும்படி ஃப்ரிட்ஜுக்குள் நிற்கவைப்பாள். நூல் பிசிறாத துணியாகப் பார்த்து, தையலை வெளிப்பக்கம் வைத்துத் தைத்த பை அது. அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் நீல மணிகள் இருக்கும். ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள். உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். மாறினால் வாணலியில் போட்டு வறுத்தெடுப்பாள், மறுபடி நீலமாகும். காலையில் எழுந்ததும் புருஷன் முகத்தைப் பார்க்கிறாளோ இல்லையோ, ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த மணிகளைப் பார்ப்பாள். நீலம் என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள்.

இவ்வளவும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் என்னைக் கீழே கூப்பிட்டு ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டாள்.

"நல்லா கேளு. பேச்சுக்குப் பின்னால ஒரு சத்தம் வருதா?"

"என்ன சத்தம்?"

"ஙொய்னு. தூரத்துல ஒரு கொசு நிக்கிற மாதிரி."

கண்ணை மூடிக் கேட்டேன். அண்ணி ஏதோ ஒரு பேங்குக்காகக் கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள். கொசுவும் இல்லை, ஈயும் இல்லை. "ஒண்ணும் இல்ல அண்ணி. சுத்தமா இருக்கு" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அண்ணனும் கேட்டுவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றான். அந்த பேங்குக்காரரும் பிரமாதம் என்றார். ஒவ்வொரு "சுத்தமா இருக்கு"க்கும் அவளுக்கு ரத்தம் வற்றியது. நல்லா இருக்கு என்று சொன்னால் அழுகிற பெண்ணை என்னதான் செய்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மைக்கில் அந்தச் சத்தம் இல்லை என்றால் அது வேறு எங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. அவள் அப்பாவுக்கும் ஆரம்பத்தில் இப்படி ஒரு கொசுதான் வந்ததாம். இதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பழுது மைக்கில்தான் என்று சாதித்தாள்.

பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மைக்கில் ஈரம் ஏறிவிட்டது என்று அடுப்பைத் தூக்கிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தாள், ஆவி உள்ளே வரக் கூடாதாம். அண்ணன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அந்த அறைப்பக்கம் நடக்கக் கூடாது. அவன் சுவரை ஒட்டி ஒட்டி, திருட வந்தவன் மாதிரி படுக்கையறைக்குப் போவான். ஒரு பைக்கு மேல் இன்னொரு பை, அதற்கு மேல் மூடி இறுகுகிற டப்பா, அதற்கும் மேல் ஃப்ரிட்ஜ். நான் பை தைத்தே ஓய்ந்தேன். "அண்ணி, இதுக்கு மேல தைக்கணும்னா ஃப்ரிட்ஜுக்கே ஒரு சட்டை தச்சுப் போட்டுடறேன்" என்றேன். முன்பெல்லாம் இதற்கு என் தலையில் ஒரு குட்டு விழும். இப்போது அவள் காதிலேயே வாங்கவில்லை.

மணிகளோ நீலமாகவே இருந்தன. ஒன்றுகூட நிறம் மாறவில்லை. ஒரு காலையில் நான் போனபோது அவள் திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் குந்தியிருந்தாள், கையில் மணிக்கிண்ணம்.

"நீலமாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்றேன்.

"இந்த மணி கெட்டுப்போச்சு. பொய் காட்டுது" என்றாள்.

அவ்வளவையும் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டுப் புது மணி வாங்கிவரச் சொன்னாள். புது மணியும் நீலமாகவே இருந்தது. அவள் ரோஸ் நிறத்துக்காகக் காத்திருந்தாள். அது எனக்கு அப்போது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இப்போதுதான் புரிகிறது. ஒரு மணி, ஒரே ஒரு மணி நிறம் மாறியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

இன்னொரு பழைய மைக்கை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே சத்தம் என்றாள். அதற்கும் ஈரம் ஒட்டிக்கொண்டதாம், பக்கத்தில் பக்கத்தில் வைத்த பாவம். மைக்குக்கு மைக் தொற்றுகிற சளி உண்டா என்று கேட்க நினைத்து வாயை அடக்கிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது பிரிக்காத மைக். லிஃப்ட் கம்பெனிக்காரர் ஓய்வு பெறும்போது அன்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. அவள் தினமும் பேசுகிற மைக்கின் அதே ரகம். இது ஓய்ந்தால் அது என்று ஒட்டுக்காகிதம்கூடக் கிழிக்காமல் மேல்தட்டில் வைத்திருந்தாள். ஒரு சாயங்காலம் அண்ணன் டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டும் பழசு. அந்தப் புதுசப் பிரிச்சுப் பாரேன். தெரிஞ்சுபோகும்ல?"

"வேணாங்க."

"அட, எதுக்கு வச்சிருக்கோம்?"

"வேணாம்னா வேணாம்! அதத் தொடாதீங்க!"

அவள் அவனிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுநாள் அந்தப் பெட்டி துணியில் சுற்றி, டப்பாவுக்குள் போய், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் உட்கார்ந்துவிட்டது. அதற்கு மட்டும் இரண்டு கிண்ணம் மணி. பிரிக்காத பெட்டிக்கு எதற்கு இத்தனை காவல் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஃபேன் காற்றின் சத்தமே ஆகாது என்று வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கிறவள், வேலை இல்லாத நேரமெல்லாம் எல்லா ஃபேனையும் சுழலவிட்டாள். ரேடியோ யாரும் கேட்காமல் பாடிக்கொண்டிருந்தது. துடைப்பக் கட்டை மூலையில் சாத்தினபடியே இருந்தது. நான் மிஷினை ஓட்டினேன், இடி வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டினேன், அப்போதும் வரவில்லை. இன்றைக்கு ரெக்கார்டிங் இல்லை போலிருக்கிறது என்று காலை முழுவதும் ஓட்டித் தள்ளினேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மாடியேறி வந்தான். அவன் மாடிக்கு வருகிற ஆளே இல்லை.

"நீ அன்னிக்குக் காலைல மிஷின் ஓட்டினியா?"

"ஓட்டினேன். ஏன்?"

"பேங்குக்காரங்க போன் பண்ணாங்க. அனுப்பினது பூரா பின்னால கடகடன்னு ஓடுதாம். வேற பேசி அனுப்பச் சொல்றாங்க."

"அவங்க இடிக்கவே இல்லையே அண்ணே. இடிச்சா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

ரெக்கார்டிங்கை அனுப்புவதற்கு முன்னால் அண்ணி முழுவதும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாருக்கும் கேட்காத கொசு அவளுக்குக் கேட்கிறது. ஊருக்கே கேட்கிற என் மிஷின் அவளுக்குக் கேட்கவில்லை. அண்ணன் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். "அவகிட்ட நான் எப்படிக் கேக்கறது?" என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பயமாக இருந்தது.

கேட்கவேண்டிய அவசியம் வராமலே போயிற்று. ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. என் மிஷின் நின்றது, கீழே ஃபேன்களும் ரேடியோவும் நின்றன. தெருவில் அந்நேரம் பார்த்து ஒரு வண்டிகூட இல்லை. குண்டூசி விழுந்தால் கேட்கும், அப்படியொரு அமைதி. பழைய அண்ணியாக இருந்தால் "அப்பாடா, கடவுளாப் பாத்து நிறுத்தினாரு" என்று சொல்லியிருப்பாள். நான் இறங்கிப் போனேன். சமையலறையில் குழாய் முழுசாகத் திறந்து கிடந்தது. கீழே பாத்திரம் எதுவும் இல்லை. அண்ணி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, கொட்டுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணி இது, தண்ணி வீணாப் போகுது" என்று குழாயை மூடினேன்.

"மூடாதடி!"

அலறிவிட்டாள். மறுபடி திறந்துவிட்டேன்.

"மூடினா கேக்குது" என்றாள்.

"என்ன கேக்குது?"

"அதே சத்தம்தான். மைக் ஃப்ரிட்ஜுக்குள்ள தூங்குது. ஹெட்போன் ஆணியில தொங்குது. வீட்ல கரண்டே இல்ல. இருந்தும் கேக்குது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. "எத்தன நாளா?" என்றேன்.

"தெரியல. தெரிஞ்சுக்க வேணாம்னுதான ஃபேனப் போட்டு வச்சேன்."

"அப்புறம் எதுக்கு அந்த மைக்குங்களப் போட்டு இந்தப் பாடு படுத்துனீங்க?"

"மைக்னா காய வைக்கலாம். ஆகலைன்னா மாத்தலாம். காத எங்க கொண்டுபோய்க் காய வைக்கிறது, சொல்லு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைவிடத் தனக்கே சொல்லிக்கொள்கிறவள் மாதிரி பேசினாள். "ரொம்ப தூரம் பஸ்ல போய் இறங்கினா கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் காதுலயே நிக்கும்ல? அது மாதிரிகூட இருக்கலாம். நாள் பூரா அந்தக் கெட்ட மைக்கக் கேட்டுக் கேட்டுத் தங்கியிருக்கும். இருக்கலாம்தான?"

"இருக்கலாம் அண்ணி. அப்ப அந்தப் புது மைக்கப் பிரிச்சா தெரிஞ்சுபோகும்."

"அதத்தான் வேணாங்கறேன். அது பிரிக்காம இருக்கிற வரைக்கும் பழுது மைக்லதான்னு நான் சொல்லிக்கலாம். அதுலயும் கேட்டுச்சுன்னா என்னடி பண்றது? எங்கப்பா மாதிரி மூலைல உக்காந்து, எல்லாரும் சிரிக்கும்போது சும்மா சிரிச்சுட்டு இருக்கணுமா?"

அப்போதுதான் அந்தப் பெட்டிக்கு ஏன் அத்தனை காவல் என்று எனக்கு உறைத்தது. எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும், அது என் பிறவிக் குணம். "பிரிக்காம வச்சிருந்தா மட்டும் சத்தம் பயந்து ஓடிடுமா? ஏற்கெனவே பிளாஸ்டிக் பையப் போட்டு மூடி வச்சு ஒண்ணக் கொன்னீங்கல்ல, அது போதாதா?" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணியே குழாயை மூடினாள்.

கரண்ட் வந்ததும் ஃபேன்களை நிறுத்தினோம். அவள் ஃப்ரிட்ஜின் அடித்தட்டிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மேலிருந்து என் துணி வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்தேன். அவள் வாங்கி ஒட்டுக்காகிதத்தில் வைத்தாள், அழுத்தவில்லை. "நீயே வெட்டு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்டினேன். உள்ளே பஞ்சுப் பள்ளத்தில் அந்த மைக் தூசி தும்பு படாமல் பளபளவென்று படுத்திருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன மணிப் பொட்டலம், அதுவும் நல்ல நீலம்.

அவள் அதை ஸ்டாண்டில் மாட்டி, பஞ்சுத் தொப்பி போட்டு, கேபிளைச் செருகினாள். அந்த வேலையில் மட்டும் கை தயங்கவில்லை. முன்னால் உட்கார்ந்து சும்மா எண்களைச் சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஹெட்போனை எனக்கு நீட்டினாள்.

"மொதல்ல நீ கேளு. எம்மேல இருக்கிற பாசத்துல பொய் சொன்னா உன்ன இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன்."

கேட்டேன். கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மைக்கும் கெட்டது, அண்ணிக்குக் காது இருக்கிறது, வீடு பழையபடி ஆகிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஹெட்போனுக்குள் அவள் குரல் எழுத்தை விழுங்காமல், அவ்வளவு நிதானமாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று பேசிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"எதுவும் இல்ல அண்ணி. சுத்தமா இருக்கு."

அவள் தலையாட்டிவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் மறுபடி ஒரு தடவை கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கேபிளை எடுத்துச் சுற்றினாள். பஞ்சுத் தொப்பியைக் கழற்றி நிழலில் வைத்தாள். மைக்கைத் துடைத்து, பையில் போட்டு, தலை மேலே இருக்கும்படி ஃப்ரிட்ஜுக்குள் நிற்கவைத்துக் கதவைச் சாத்தினாள். ரப்பர் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று விரலால் ஓரத்தைத் தடவியும் பார்த்தாள். இனி அதை யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். "நான் சொன்னா அவரு எம்மூஞ்சியப் பாப்பாரு. அத என்னால தாங்க முடியாது."

சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். எந்த ஃப்ரிட்ஜைக் காட்டினாலும் காதை வைத்துக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லிவிடுகிறவன். இதற்கு அவனிடமும் ஒரு கருவி இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகத்தான் கிளம்பினோம். ஆனால் அண்ணனை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அவன் பக்கத்தில் இருந்தால் உடைந்துவிடுவாளாம். அவன் வண்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றான். காது, மூக்கு, தொண்டை பார்க்கிற கூடத்தில் ஏகப்பட்ட கூட்டம். குழந்தைகள் அழுதன, யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள், தலைக்கு மேலே ஒரு பழைய ஃபேன் முனகிக்கொண்டிருந்தது. எண் காட்டுகிற பலகை எரியவில்லை. "கூப்பிடும்போது போங்க" என்று டோக்கனைக் கொடுத்துவிட்டார்கள். சுவரோரமாக இடம் கிடைத்தது. அண்ணி என்னைத் தன் வலது பக்கம் உட்காரச் சொன்னாள். கொஞ்ச நாளாக எல்லோரையும் அந்தப் பக்கத்திலேயே உட்கார வைக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டோக்கனைப் பிடித்திருந்த அவள் கை வேர்த்துக் காகிதம் நைந்துபோயிருந்தது. அதை வாங்கி நான் வைத்துக்கொண்டேன். "பயமா இருக்கா அண்ணி?" என்று கேட்டேன்.

"உயிர் போகுது. உள்ள கூப்பிடவே கூடாதுன்னு இருக்கு. சீக்கிரம் கூப்பிட்டுத் தொலைச்சா தேவலன்னும் இருக்கு."

அவளைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். "எப்ப கூப்பிடணும்னு நீங்களே சொல்லிடுங்களேன், உங்க குரல்தான இங்க ஆட்சி" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள். என் பேச்சுக்குச் சிரித்தாளா, நான் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தாளா என்று ஒரு சந்தேகம் வந்து என்னைக் குத்தியது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

கூடத்தின் இடது மூலையில் மேலே இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு மணியோசை. பிறகு அந்தக் குரல். நான் மிஷினை மூடிவைத்துப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த நாட்களில், கீழே மூடிய அறைக்குள் அண்ணி ஒவ்வொன்றாகப் பேசிவைத்த குரல்.

"டோக்கன் எண் நாற்பத்து ஒன்று. அறை எண் ஆறு."

எங்கள் எண். நான் எழுந்திருக்கவில்லை. அவளாக எழுந்திருப்பாள் என்று காத்திருந்தேன், எழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் எதிர்வரிசையில் தாயின் மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் மறுபடி மணியோசை, மறுபடி அதே குரல், எழுத்தை விழுங்காமல், நிதானமாக. "டோக்கன் எண் நாற்பத்து ஒன்று." பக்கத்திலிருந்தவர்கள் தங்கள் டோக்கனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி அசையவில்லை.

அவள் கையைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"என்ன? கூப்பிட்டாங்களா?"

"ஆமா."

"யாரு கூப்பிட்டா?"

நான் அவள் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். கத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக விட்டு, அவளுக்குப் பிடிபடுகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன்.

"நீங்கதான், அண்ணி."